பேசாத பிழையைப் பேச வைப்போம்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் டேட்டா பைண்டிங். விண்டோஸ் கணினிக்கு டெஸ்க்டாப் மென்பொருள் எழுதுகிறோம்; பைண்டிங் வேலை செய்யவில்லை; எங்கே தேடுவது, எந்த வரிசையில் தேடுவது? இதுதான் என் பேச்சு. உதாரணங்களை டபிள்யூ.பி.எஃப். என்று நாம் அழைக்கும் விண்டோஸ் பிரசன்டேஷன் ஃபவுண்டேஷனிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

பிழைகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, சத்தம் போடும் பிழை. புரோகிராம் பாதியில் நின்றுவிடும். எந்த ஃபைல், எந்த வரி என்று அதுவே சொல்லிவிடும். அது நல்ல பிழை. இன்னொன்று, வாய் திறக்காத பிழை. புரோகிராம் ஓடுகிறது. விண்டோ திறக்கிறது. பட்டன்கள் வரிசையாக நிற்கின்றன. ஆனால் வாடிக்கையாளர் பெயர் வர வேண்டிய இடம் மட்டும் வெறிச்சென்று கிடக்கிறது. பைண்டிங் பிழை இந்த இரண்டாம் வகை. நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான்: வாய் திறக்காத பிழையை ஊகித்துப் பிடிக்க முடியாது, வரிசையாக விசாரித்தால் பிடித்துவிடலாம்.

முதலில் கொஞ்சம் வரலாறு. திரையில் இருக்கும் ஒரு கட்டத்தையும் உள்ளே இருக்கும் ஒரு தரவையும் கோட் எழுதாமலே இணைத்துவிட வேண்டும் என்ற ஆசை பழையது. 1993-ல் வந்த விஷுவல் பேசிக் 3-லேயே அதற்கு டேட்டா கன்ட்ரோல் இருந்தது. ஃபார்மில் அதை வைத்து, டெக்ஸ்ட்பாக்ஸை அதனோடு இணைத்தால், டேட்டாபேஸில் இருக்கும் பதிவு திரைக்கு வந்துவிடும். 2006 நவம்பரில் டாட்நெட் ஃபிரேம்வொர்க் 3.0-உடன் டபிள்யூ.பி.எஃப். வெளிவந்தபோது, அந்த ஆசை மொத்தக் கட்டமைப்புக்கே அடித்தளம் ஆகிவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டே, 2005-ல், மைக்ரோசாஃப்டில் இருந்த ஜான் காஸ்மன் மாடல், வியூ, வியூமாடல் என்ற அமைப்பை விளக்கி எழுதியிருந்தார். திரை தனி, தரவு தனி, நடுவில் வியூமாடல், இரண்டையும் சேர்த்துக் கட்டுவது பைண்டிங். இன்றைக்கு எம்.வி.வி.எம். என்று நேர்முகத் தேர்வுகளில் கேட்கிறார்களே, அது இதுதான்.

சரி, இவ்வளவு முக்கியமான பைண்டிங் உடைந்தால் ஏன் சத்தம் போடுவதில்லை? வடிவமைத்தவர்களின் கவனக்குறைவா? இல்லை. ஒரு விண்டோ திறக்கும்போது அதன் உறுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக உருவாகின்றன. தரவு சில நேரம் பிறகுதான் வந்து சேர்கிறது. அந்த இடைவெளியில் நூறு பைண்டிங்குகளுக்குத் தரவு கிடைத்திருக்காது. ஒவ்வொன்றும் எக்செப்ஷன் வீசினால் எந்த விண்டோவாவது முழுதாகத் திறக்குமா? ஆகவே கிடைக்காததைக் கிடைக்கவில்லை என்று ஓரமாக எழுதிவைத்துவிட்டு, பைண்டிங் அமைதியாகக் காத்திருக்கிறது. தரவு வந்ததும் எடுத்துக்கொள்கிறது. அந்தப் பொறுமைதான் அதன் பலம். நமக்குத் தலைவலி தருவதும் அதே பொறுமைதான்.

கடைமடை வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் விவசாயி என்ன செய்வார்? வயலிலேயே நின்று மண்ணைக் கொத்திக்கொண்டிருப்பாரா? மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்கால் கரையோடு மேலே நடப்பார். மதகு திறந்திருக்கிறதா, நடுவில் எங்காவது உடைப்பா, யாராவது மடையை அடைத்துவிட்டார்களா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். பைண்டிங்கிலும் வழி அதுதான். காலியாகத் தெரியும் டெக்ஸ்ட்பாக்ஸில் நின்றுகொண்டு எழுத்தின் நிறத்தையும் அகலத்தையும் மாற்றிப் பார்ப்பதில் பயனில்லை. தரவு புறப்படும் இடத்திலிருந்து திரை வரைக்கும் ஐந்து கேள்விகள் கேட்க வேண்டும். ஐந்தே ஐந்து.

ஒரு மருந்துக்கடைக்குப் பில் போடும் மென்பொருளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மேலே வாடிக்கையாளர் பெயர். நடுவில் மருந்துப் பட்டியல். கீழே மொத்தத் தொகை. இந்த ஒரு விண்டோவை வைத்தே ஐந்து கேள்விகளையும் பார்த்துவிடுவோம்.

முதல் கேள்வி: தரவு யாரிடமிருந்து வருகிறது?

பைண்டிங்கில் நாம் பெரும்பாலும் பெயரை மட்டும் எழுதுகிறோம். 'கஸ்டமர்நேம்' என்று எழுதுகிறோம். யாருடைய கஸ்டமர்நேம்? அதை டேட்டாகான்டெக்ஸ்ட் தீர்மானிக்கிறது. விண்டோவுக்கு ஒரு டேட்டாகான்டெக்ஸ்ட் கொடுத்தால், அதன் உள்ளே இருக்கும் எல்லா உறுப்புகளும் அதையே வழிவழியாகப் பெறுகின்றன. நடுவில் ஒருவர் மாற்றிவிட்டால், அவருக்குக் கீழே இருப்பவர்கள் அனைவருக்கும் மாறிவிடும்.

இங்கே நடக்கும் தவறுகளில் மிகவும் சூழ்ச்சியானது எது தெரியுமா? வியூமாடல் இரண்டாகிவிடுவது. திரையை விவரிக்கும் ஸாமல் ஃபைலில் ஒருவர் வியூமாடலை உருவாக்கி டேட்டாகான்டெக்ஸ்டில் வைக்கிறார். சி ஷார்ப் ஃபைலில் இன்னொருவர் அதே வியூமாடலைப் புதிதாக இன்னொரு முறை உருவாக்கி, அதில் மருந்துப் பட்டியலை ஏற்றுகிறார். தரவு ஒன்றில் இருக்கிறது. திரை மற்றொன்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. பெயர் சரி, வகை சரி, பிழைச் செய்தி ஒன்றுகூட இல்லை. திரை மட்டும் காலி. எப்படிக் கண்டுபிடிப்பது? வியூமாடலின் கன்ஸ்ட்ரக்டரில் பிரேக்பாயின்ட் வையுங்கள். ஒருமுறை நிற்க வேண்டிய இடத்தில் இருமுறை நின்றால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

இன்னொன்று, யூசர்கன்ட்ரோல். சிலர் யூசர்கன்ட்ரோலின் கன்ஸ்ட்ரக்டரில் டேட்டாகான்டெக்ஸ்டைத் தனக்கே வைத்துக்கொள்கிறார்கள். அதைப் பயன்படுத்தும் விண்டோவிலிருந்து வர வேண்டிய தரவு அந்த இடத்தோடு தடைபட்டுப் போகிறது. மூன்றாவது, டேட்டாகிரிட்டின் காலம், அதாவது நெடுவரிசை. திரையில் காலம் தெரிகிறது. ஆனால் காலம் என்ற அந்தப் பொருள் உறுப்புகளின் மரத்துக்குள் இல்லை. ஆகவே அதற்கு டேட்டாகான்டெக்ஸ்ட் வழிவழியாக வருவதில்லை. ஒரு காலத்தை மறைக்கவோ காட்டவோ அதன் விசிபிலிட்டியை வியூமாடலோடு பைண்ட் செய்து பார்த்தவர்களுக்கு இந்த வேதனை தெரியும்.

சந்தேகம் வந்தால் ஓர் எளிய சோதனை. அந்த இடத்தில் ஒரு டெக்ஸ்ட்பிளாக்கைப் போட்டு, பெயர் எதுவும் கொடுக்காமல் வெறும் பைண்டிங் என்று மட்டும் எழுதுங்கள். அந்த இடத்தின் டேட்டாகான்டெக்ஸ்ட் எந்த கிளாஸ் என்று திரையிலேயே பெயர் தெரியும். எதுவுமே தெரியவில்லையா? டேட்டாகான்டெக்ஸ்ட் நல் (null), அதாவது வெறுமை.

இரண்டாவது கேள்வி: பெயர் சரியா?

ஸாமலில் எழுதும் பெயர், அதாவது பாத், வெறும் எழுத்துச் சரம். கம்பைலர் அதைச் சரிபார்ப்பதில்லை. ஓர் எழுத்து பிசகினாலும், பெரிய எழுத்து சிறிய எழுத்து மாறினாலும், கம்பைல் ஆகும், ஓடும், காட்டாது. எழுத்தெல்லாம் சரியாக இருந்தும் காட்டவில்லையா? கிளாஸைத் திறந்து பாருங்கள். அது ப்ராபர்ட்டியா, ஃபீல்டா? கெட், செட் இல்லாமல் வெறும் ஃபீல்டாக எழுதியிருந்தால் பைண்டிங்குக்கு அது கண்ணிலேயே படாது. ப்ராபர்ட்டிதான் என்றால் அது பப்ளிக்கா என்று பாருங்கள்.

இங்கே நம்மை ஏமாற்றும் ஒரு நுட்பம் உண்டு. பாத்தில் புள்ளி வைத்து 'கஸ்டமர் டாட் அட்ரஸ் டாட் சிட்டி' என்று போகிறோம். நடுவில் அட்ரஸ் நல் ஆக இருந்தால் என்ன நடக்கும்? வழக்கமான அமைப்பில் பிழைச் செய்தியே வராது. பெயர் தவறு என்றால் பைண்டிங் முணுமுணுக்கும். நல் என்றால் முணுமுணுக்கக்கூட மாட்டாது. செய்தி இல்லை என்பதால் பிழை இல்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

மூன்றாவது கேள்வி: மாறியதை யார் சொன்னார்கள்?

விண்டோ திறக்கும்போது பெயர் வந்தது. பிறகு பெயரை மாற்றினோம், திரை மாறவில்லை. ஏன்? உங்கள் ப்ராபர்ட்டி மாறியது திரைக்கு எப்படித் தெரியும்? ஐநோட்டிஃபைப்ராபர்ட்டிசேஞ்ச்ட் என்ற இன்டர்ஃபேஸை உங்கள் கிளாஸ் ஏற்க வேண்டும். மதிப்பு மாறும்போதெல்லாம் ப்ராபர்ட்டிசேஞ்ச்ட் ஈவென்ட்டை எழுப்ப வேண்டும். எழுப்பும்போது கொடுக்கும் பெயரும் எழுத்துச் சரம்தான். அதில் பிழை இருந்தால் எந்தச் சத்தமும் கிடையாது. நல்லவேளையாக இதற்கு மருந்து வந்துவிட்டது. 2012-ல் டாட்நெட் 4.5-உடன் காலர்மெம்பர்நேம் வந்தது; 2015-ல் சி ஷார்ப் 6-உடன் நேம்ஆஃப் வந்தது. இன்றைக்கும் அந்தப் பெயரைக் கையால் மேற்கோளுக்குள் எழுதுகிறவர் வலியப் போய்ப் பிழையை வாங்கிக்கொள்கிறார்.

நம் மருந்துக்கடைக்கு வருவோம். எண்ணிக்கையை 2-லிருந்து 3 ஆக்குகிறோம். எண்ணிக்கை மாறியது என்று ஈவென்ட் எழுப்பினோம். மொத்தத் தொகை ஏன் மாறவில்லை? மொத்தம் என்பது எண்ணிக்கையையும் விலையையும் பெருக்கித் தரும் இன்னொரு ப்ராபர்ட்டி. அது மாறியதை யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. எண்ணிக்கை மாறும்போது மொத்தத்துக்கும் சேர்த்தே ஈவென்ட் எழுப்ப வேண்டும்.

பட்டியலுக்கும் இதே கதைதான். சாதாரண லிஸ்ட்டில் புதிய மருந்தைச் சேர்த்தால் திரைக்குத் தெரியாது. அப்சர்வபிள்கலெக்‌ஷனில் சேர்த்தால் தெரியும். ஆனால் அப்சர்வபிள்கலெக்‌ஷன் எதைச் சொல்லும்? ஒன்று சேர்ந்தது, ஒன்று போனது, ஒன்று இடம் மாறியது, ஒன்றின் இடத்தில் இன்னொன்று வந்தது, இவற்றைத்தான் சொல்லும். உள்ளே இருக்கும் மருந்தின் விலை மாறியதைச் சொல்லாது. அதை மருந்து கிளாஸ்தான் சொல்ல வேண்டும். பழைய பட்டியலைத் தூக்கிவிட்டுப் புதிய பட்டியலை அந்த ப்ராபர்ட்டியில் வைத்தால், அதையும் தனியாகச் சொல்ல வேண்டும். வேறு திரெட்டிலிருந்து அப்சர்வபிள்கலெக்‌ஷனில் கை வைத்தால்? அங்கே பைண்டிங் மௌனம் கலைத்து எக்செப்ஷன் வீசும். டிஸ்பாட்சர் வழியாகப் போங்கள். அல்லது டாட்நெட் 4.5-ல் வந்த எனேபிள்கலெக்‌ஷன்சிங்க்ரனைசேஷன் வசதியைப் பயன்படுத்துங்கள்.

நான்காவது கேள்வி: திரையில் தட்டியது உள்ளே போனதா?

இதுவரை உள்ளிருந்து வெளியே வந்தோம். இப்போது திரும்பிப் போவோம். கடைக்காரர் வாடிக்கையாளர் பெயரைத் தட்டுகிறார். உடனே கன்ட்ரோல் எஸ் அழுத்துகிறார். சேமித்ததில் பழைய பெயர்தான் இருக்கிறது. என்ன நடந்தது? டெக்ஸ்ட்பாக்ஸின் டெக்ஸ்ட், தானாக, லாஸ்ட்ஃபோகஸ் முறையில் இயங்குகிறது. கர்சர் அந்தக் கட்டத்தை விட்டு வெளியேறினால்தான் மதிப்பு வியூமாடலுக்குப் போகும். கன்ட்ரோல் எஸ் அழுத்தும்போது கர்சர் எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை. டூல்பாரில் இருக்கும் பட்டனை அழுத்தினாலும் இதே தொல்லைதான். டூல்பாருக்குத் தனி ஃபோகஸ் எல்லை இருப்பதால் டெக்ஸ்ட்பாக்ஸ் தன் லாஜிக்கல் ஃபோகஸை இழப்பதில்லை. அப்டேட்சோர்ஸ்ட்ரிகரை ப்ராபர்ட்டிசேஞ்ச்ட் என்று மாற்றினால் ஒவ்வோர் எழுத்தும் உடனே போய்ச் சேரும்.

அப்படி மாற்றினால் எல்லாம் தீர்ந்ததா? அவசரப்படாதீர்கள். விலை டபுள் வகை என்றால், டாட்நெட் 4.5 முதல் ஒரு புதுத் தொல்லை: 12.50 என்று தட்ட முயன்றால் புள்ளி நிற்காமல் மறைந்துவிடும். அந்த மாதிரிக் கட்டத்துக்கு லாஸ்ட்ஃபோகஸே நல்லது. அல்லது பைண்டிங்குக்குச் சிறிது தாமதம் கொடுங்கள்.

எண் வர வேண்டிய இடத்தில் எழுத்தைத் தட்டினால் சிவப்புக் கட்டம் வரும்; அது தெரியும் பிழை. ஆனால் உங்கள் ப்ராபர்ட்டியின் செட்டர் ஓர் எக்செப்ஷன் வீசினால் என்ன ஆகும்? பைண்டிங் அதை விழுங்கிவிடும். பயனருக்கு எதுவும் தெரியாது, மதிப்பும் சேராது. வாலிடேட்ஸ்ஆன்எக்செப்ஷன்ஸ் என்பதை ட்ரூ ஆக்கினால்தான் அந்தச் செய்தி திரைக்கு வரும்.

ஐந்தாவது கேள்வி: நடுவில் அறுத்தவர் யார்?

பைண்டிங் சரியாக வேலை செய்துகொண்டிருந்தது. ஒரு பட்டனை அழுத்திய பிறகு நின்றுவிட்டது. அந்தப் பட்டனின் கோடைத் திறந்து பாருங்கள். டெக்ஸ்ட்பிளாக்கின் டெக்ஸ்டுக்கு யாராவது நேரடியாக ஒரு மதிப்பைக் கொடுத்திருப்பார்கள். ஒருவழி பைண்டிங் இருக்கும் இடத்தில் நேரடியாக மதிப்பு வைத்தால் பைண்டிங்கே நீங்கிவிடும். எச்சரிக்கை உண்டா? கிடையாது. தவிர்க்க முடியாமல் வைத்தே தீர வேண்டும் என்றால் டாட்நெட் 4-ல் வந்த செட்கரன்ட்வேல்யூவைப் பயன்படுத்துங்கள், பைண்டிங் பிழைத்துக்கொள்ளும்.

நண்பர்களே, ஐந்து கேள்விகளைப் பார்த்தோம். விசாரிக்கக் கருவிகள் வேண்டாமா? முதல் கருவி உங்கள் கையிலேயே இருக்கிறது. விஷுவல் ஸ்டுடியோவின் அவுட்புட் விண்டோ. பைண்டிங் ஓரமாக எழுதிவைக்கிறது என்றேனே, இங்கேதான் எழுதுகிறது. டீபக் செய்து ஓட்டும்போது அதைத் திறந்து 'சிஸ்டம் டாட் விண்டோஸ் டாட் டேட்டா எரர்' என்று தொடங்கும் வரிகளைத் தேடுங்கள். எண் 40 என்றால் பாத்தில் இருக்கும் பெயர் அந்தப் பொருளில் இல்லை என்று பொருள். எண் 4 என்றால் நீங்கள் சொன்ன மூலத்தையே கண்டுபிடிக்க முடியவில்லை. எண் 2 என்றால் அந்த உறுப்பு மரத்துக்கு வெளியே நிற்கிறது. டேட்டாகிரிட் காலம் ஞாபகம் வருகிறதா? அந்த நீண்ட வரியைப் பார்த்து மிரள வேண்டாம். எந்தப் பெயரைத் தேடியது, எந்தப் பொருளில் தேடியது, எந்த உறுப்பின் எந்த ப்ராபர்ட்டிக்காகத் தேடியது, எல்லாம் அதிலேயே இருக்கிறது. அவுட்புட் விண்டோ காலியாக இருந்தால், ஆப்ஷன்ஸில் டபிள்யூ.பி.எஃப். ட்ரேஸ் அமைப்புகளில் டேட்டா பைண்டிங் ஆஃப் ஆக இருக்கிறதா என்று பாருங்கள்.

அது போதவில்லை என்றால், சந்தேகப்படும் ஒரே ஒரு பைண்டிங்கில் மட்டும் ட்ரேஸ்லெவலை ஹை என்று வையுங்கள். டாட்நெட் 3.5 முதல் இந்த வசதி இருக்கிறது. மூலத்தை எப்படித் தேடியது, என்ன மதிப்பு கிடைத்தது, எதைத் திரைக்குக் கொடுத்தது என்று அடிக்கு அடி எழுதும். முணுமுணுக்காத அந்த நல்கூட இதில் சிக்கிவிடும்.

மதிப்பைக் கண்ணால் பார்க்க வேண்டுமா? எதையும் மாற்றாமல், வந்ததை அப்படியே திருப்பித் தரும் ஒரு கன்வெர்ட்டரை எழுதி, அதில் பிரேக்பாயின்ட் வையுங்கள். நின்றால் தரவு அதுவரை வந்துவிட்டது. நிற்கவில்லை என்றால் அதற்கு முன்பே எங்கோ தடை. ஓடிக்கொண்டிருக்கும் விண்டோவையே திறந்து பார்க்க ஸ்னூப் என்ற இலவசக் கருவி இருக்கிறது. விஷுவல் ஸ்டுடியோ 2015 முதல் லைவ் விஷுவல் ட்ரீ உள்ளேயே வருகிறது. விஷுவல் ஸ்டுடியோ 2019-ன் பிந்தைய பதிப்புகளில் பைண்டிங் தோல்விகளை மட்டும் பட்டியலிட ஒரு தனி விண்டோவே கொடுத்துவிட்டார்கள்.

இன்னும் ஒரு செய்தியைச் சொல்லாமல் போனால் என் பேச்சு நிறைவு பெறாது. ஐந்து கேள்விகளுக்கும் சரியான பதில் கிடைத்து, தரவும் திரைக்கு வந்து, அந்தத் தரவே நம்மை ஏமாற்றுவது உண்டு. மருந்தின் காலாவதி நாள் ஆகஸ்ட் 5. திரையில் 8/5 என்று வருகிறது. நம் ஊர்க் கடைக்காரர் அதை மே மாதம் 8 என்று படிக்கிறார். விண்டோஸில் இந்திய அமைப்பு சரியாகத்தான் இருக்கிறது. பிறகு ஏன்? டபிள்யூ.பி.எஃப். உறுப்புகளின் லாங்குவேஜ் ப்ராபர்ட்டிக்கு இயல்பான மதிப்பு அமெரிக்க ஆங்கிலம். பைண்டிங் விண்டோஸ் அமைப்பைக் கேட்பதில்லை. அந்த லாங்குவேஜைத்தான் கேட்கிறது. 12,50,000 என்று வர வேண்டிய தொகை 1,250,000 என்று வருவதும் இதனால்தான். புரோகிராம் தொடங்கும் இடத்தில் லாங்குவேஜின் இயல்பான மதிப்பைப் பயனரின் கல்ச்சருக்கு ஒருமுறை மாற்றிவிட்டால் போதும். மருந்துக்கடையில் காலாவதி நாள் தவறாகத் தெரிவது அழகுக் குறை அல்ல, உயிரோடு விளையாடுவது.

முடிக்கும் முன் இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். பல ப்ராஜெக்ட்டுகளில் அவுட்புட் விண்டோவைத் திறந்தால் பைண்டிங் எரர் மழைபோலக் கொட்டும். "அது எப்போதும் வரும் சார், கண்டுகொள்ளாதீர்கள்" என்பார்கள். கண்டுகொள்ளாமல் விட்ட நூறு வரிகளுக்கு நடுவில்தான் நாளைக்கு உண்மையான வரி ஒளிந்துகொள்ளும். வியூமாடலுக்கு டெஸ்ட் எழுதுங்கள். எண்ணிக்கை மாறினால் மொத்தத்துக்கும் ஈவென்ட் எழுகிறதா என்று திரை இல்லாமலே சோதித்துவிடலாம். புதிய விண்டோ எழுதினால், அவுட்புட் விண்டோவில் ஒரு பைண்டிங் எரர்கூட இல்லாமல் அதை ஒப்படையுங்கள். பழைய ப்ராஜெக்ட் கைக்கு வந்தால், முதல் வேலையாக அந்த எரர்களைத் துடைத்து எடுங்கள்.

யாரிடமிருந்து வருகிறது? பெயர் சரியா? மாறியதை யார் சொன்னார்கள்? தட்டியது உள்ளே போனதா? நடுவில் அறுத்தவர் யார்? இந்த ஐந்தையும் எழுதி மேசைக்கு எதிரே ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள். திரை காலியாக நின்றால், கோடில் கை வைப்பதற்கு முன் முதல் கேள்வியைக் கேளுங்கள். ஊகிக்காதீர்கள், விசாரியுங்கள்.